கொக்குக் கிராணி

எங்கள் தோட்டத்துக் கல்யாண வீடுகளில் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். ஜப்பான்காரன், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வந்து நின்று கொக்கு கேட்டானாம், நம் ஆட்கள் பரஞ்சோதிக் கிராணியைப் பிடித்துக் கொடுத்தார்களாம். உடனே பந்தலே சிரிக்கும். நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள். எழுந்து போனதும் மறுபடி திறப்பார்கள். சிரிக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. கதையை முழுசாகத் தெரிந்துகொண்டு சிரிக்கட்டும். பரஞ்சோதி என் கணவர். என் பெயர் புஷ்பவள்ளி. எனக்குக் கோபம் மூக்கின் மேல் என்பார்கள். அது உண்மைதான், அதற்குக் காரணமும் இருக்கிறது.

அவர் பிறந்தது மலாய் நாட்டில் இதே ரப்பர்த் தோட்டத்தில், ஜெராய் மலையின் கிழக்குப் பக்கத்தில். அப்பா பால் வெட்டியவர். மகன் வெட்டக்கூடாது என்று சுங்கை பட்டாணியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். ஏழாம் வகுப்பு முடித்துத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக உட்கார்ந்தார். கள்ளுக்கடைப் பக்கம் போகமாட்டார், சீட்டாட்டம் தெரியாது. இப்படிப்பட்ட மாப்பிள்ளை கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று என் அம்மா ஊரெல்லாம் சொன்னாள். அவருக்கு இருந்த ஒரே பைத்தியத்தை யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருமுறை பழைய மடக்குக் கேமரா ஒன்றைக் குப்பையில் போடச் சொன்னாராம். அதன் நடுவில் மடிந்து மடிந்து நீளும் தோல் கிழிந்து, வெளிச்சம் உள்ளே புகுந்துகொண்டிருந்தது. இவர் அதை வீட்டுக்குத் தூக்கி வந்து, கறுப்புக் குடைத்துணியை வெட்டி, ரப்பர்ப் பால் தடவி ஒட்டி ஓட்டையை அடைத்தார். அந்தக் குடை நான் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த குடை. அந்த வருஷம் மழையில் நனைந்துகொண்டே ஆற்றுக்குப் போய் வந்தேன்.

சரி, கேமரா வந்தது. மனிதர்களைப் படம் பிடித்தாலாவது நாலு பேர் நல்லது சொல்லியிருப்பார்கள். பிள்ளைக்குக் காது குத்துகிறோம், வாங்க என்று கூப்பிட்டால் பிலிம் இல்லை என்பார். கொக்கைத்தான் பிடிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு, மலையைச் சுற்றி யான் என்ற ஊர்ப் பக்கத்து வயல்களுக்குப் போய்விடுவார். அங்கே கடல் வரைக்கும் நெல்தான். தண்ணீர் நிற்கும் மாதங்களில் கொக்கு, நாரை, மடையான், வக்கா, உள்ளான் என்று அவர் சொல்லும் பெயர்களையெல்லாம் நான் அவரிடமிருந்துதான் கற்றேன். எனக்கு அதுவரை வெள்ளையாக இருந்தால் கொக்கு, மற்றதெல்லாம் பறவை.

ஒருமுறை என்னையும் சைக்கிள் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். அந்தக் கேமராவுக்குத் தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டத் தெரியாது. கொக்குக்குப் பத்தடியில் போனால்தான் படம். கொக்கோ நாம் வரப்பில் கால் வைத்ததுமே பறந்துவிடும். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். வரப்பில் இரண்டு கம்பை ஊன்றி, கோணிச்சாக்கைப் போர்த்தி, வைக்கோலைச் செருகிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அடுத்த ஞாயிறு போய் அதைக் கொஞ்சம் பறவைகள் பக்கம் நகர்த்துவார். அதற்கடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம். பறவைகளுக்கு அது பழகிப்போகும். பிறகு ஒருநாள் போய், கம்பு இருந்த இடத்தில் சாக்குக்குள் தானே குந்திக்கொள்வார். கால் மரத்துப்போகும், அட்டை ஏறும், அசையமாட்டார். கொக்குக்கு ஒன்றே மதி என்பார்களே, அங்கே எது கொக்கு எது இவர் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

மடையான்தான் அவருக்கு உயிர். உட்கார்ந்திருந்தால் சேற்றுக்கட்டி மாதிரி இருக்கும், கண்ணுக்கே தெரியாது. இறக்கையை விரித்தால் முழுக்க வெள்ளை. அந்த விரிகிற கணத்தைப் பிடிக்கவேண்டும் என்று வருஷக்கணக்காக முயன்றார். படத்தில் வெறும் வெள்ளைப் புகைதான் விழும். குளிக்கும் கொட்டகையில் விளக்குக்குச் சிவப்புத் துணி கட்டி, என்னுடைய சோற்றுத் தட்டுகளில் மருந்தை ஊற்றி, அந்தப் புகையைக் கழுவிக்கொண்டிருப்பார். தட்டில் அந்த வாடை போகவே போகாது. கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற ஆளுக்கு வாக்கப்பட்டேன் என்று நானே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். சிரிப்பார். ஒரே ஒரு படம் கடைசியில் சரியாக விழுந்தது. இறக்கை பாதி விரிந்து, முதுகு இன்னும் சேறாகவும் கீழே வெள்ளையாகவும். அன்று அவர் சாப்பிடவே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்படித்தான் அவர் கொக்குக் கிராணி ஆனார். பிறகு கிராணியும் உதிர்ந்து வெறும் கொக்கு ஆனார். கொக்கு வருது, கொக்கைக் கேளு, கொக்கு வீட்டு அம்மா. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் இந்த மனுசன் பறவை பின்னால் சுற்றுகிறான் என்று ஆற்றங்கரையில் பேசுவார்கள். என் காதில் விழும்படியாகவே பேசுவார்கள்.

ஜப்பான்காரன் வந்தான். துரை ஒரே ராத்திரியில் பினாங்குக்கு ஓடினார். ரப்பரை வாங்க ஆள் இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று கால் வீங்கிப்போனோம். மெர்கோங் ஊரில் கேமரா வைத்திருந்த சீனர் ஒருவரைக் கூட்டிப்போனார்கள், திரும்பவில்லை என்று ஒரு பேச்சு வந்தது. அதைத் தூக்கி ஆற்றில் போடுங்கள் என்று நான் கத்தினேன். கேமராவை மாட்டுக் கொட்டகைக் கூரைக்குள் செருகிவைத்தார். மீந்திருந்த ஒரே ஒரு பிலிம் சுருளுக்காக அதை மறுபடி எடுத்து, சாக்குக்குள் மறைத்து யானுக்குப் போனார். மற்ற வீட்டு ஆண்கள் வயலிலிருந்து நத்தையும் மீனும் கொண்டுவந்தார்கள். கண்ணி வைத்துக் கொக்கையே பிடித்துக் குழம்பு வைத்தவர்களும் உண்டு. என் வீட்டுக்காரர் படம் கொண்டுவந்தார். அன்று நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதமுடியாது.

இரண்டாவது வருஷம் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு கூட்டம் போய்விட்டது. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. கிராணிகளைத் தொடவில்லை. கிழங்குக்கும் நெல்லுக்கும் கணக்கு எழுத ஆள் வேண்டுமே, அதனால் விட்டுவைத்தார்கள். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் போகவேண்டிய அவசியமே இல்லை.

அன்று காலை லாரி நேராகப் பெரட்டுக் களத்துக்குள் வந்து நின்றது. ஆட்களெல்லாம் வரிசையில் நின்றிருந்தார்கள். ஒரு அதிகாரி இறங்கினான். அவனோடு மொழி தெரிந்த ஆள் யாரும் வரவில்லை. அவனுக்கு மலாயில் நாலு சொல்தான் தெரியும். வரிசையைப் பார்த்து, "கொக்கு ஆடா? கொக்கு மானா?" என்று கேட்டான். கொக்கு இருக்கிறதா, கொக்கு எங்கே. களம் முழுக்கக் கொல்லென்று சிரித்ததாம். எங்கள் பெரிய கங்காணி அய்யாவு ஆபீஸ் பக்கம் கையை நீட்டி, அதோ அங்கே இருக்கிறார் கொக்கு என்று காட்டினார்.

அதைக் கேட்டதும் இவர் ஆபீசிலிருந்து வீட்டுக்கு ஓடிவந்தார். முகத்தில் அப்படி ஒரு களை. தகரப்பெட்டியைத் திறந்து சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். கொக்குப் படங்களையெல்லாம் ரப்பர்ப் பால் தொட்டு ஒட்டிவைத்திருந்த படக்கட்டை எடுத்துக்கொண்டார். ஜப்பான்காரர்களுக்குப் படக்கலை என்றால் உயிர், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்திருக்கிறான் என்றார். போகாதீர்கள், கேமரா இருப்பது தெரிந்துவிடும் என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். பறவையைப் பார்க்கத் தெரிந்தவன் கெட்டவனாக இருக்கமாட்டான் என்றார். இந்த முட்டாள்தனத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நானும் பின்னால் ஓடினேன்.

அதிகாரி படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினான். மடையான் படத்தில் நின்றான். வெகுநேரம் பார்த்தான். விரலை அந்தப் பறவை மேல் வைத்து, மெதுவாக, "ஸாகி" என்றான். பிறகு அதே விரலை என் கணவர் நெஞ்சில் வைத்து, "கொக்கு?" என்றான். இவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதைப் பார்த்தேன். வரிசைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். படக்கட்டைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இவரை லாரியில் ஏறச் சொன்னான். படத்தையும் எடுத்துக்கொண்டான், எடுத்தவரையும் எடுத்துக்கொண்டான்.

ஏன், எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி நின்றார்கள். அய்யாவு கங்காணியின் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டேன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

"நான் என்னம்மா செய்ய, ஊரே அவரக் கொக்குன்னுதானே கூப்பிடுது. கேட்டான், காட்டினேன்."

மறுநாள் காலை பட்டணத்துப் போலீஸ் சாவடிக்கு நடந்து போனேன். சயாமுக்குப் போகிறவர்களை அங்கேதான் அடைத்திருந்தார்கள். கதிரவேலு என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் அங்கே எழுத்தராக இருந்தார். ஜப்பான் மொழியைச் சீக்கிரம் கற்றுக்கொண்டதால் பேச்சை மாற்றிச் சொல்லும் வேலையும் அவருக்கே. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, பாவம், முதலில் அவருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"தங்கச்சி, கொக்கு எண்டால் அவையின்ர பாசையில சமையல்காரன். சயாமில முகாமுக்குச் சோறாக்க ஆள் தேடுகினம்."

சமையல்காரன். இங்கிலீஷில் குக், அவர்கள் வாயில் கொக்கு. வெந்நீர் வைக்கத் தெரியாத மனிதரைச் சமையலுக்குப் பிடித்துவந்திருக்கிறார்கள். அப்போதுதான் எனக்கு மற்றது எல்லாம் புரிந்தது. எங்கள் தோட்டத்தில் உண்மையான சமையல்காரர் ஒருவர் இருந்தார். துரை பங்களாவில் பன்னிரண்டு வருஷம் அடுப்படியில் நின்ற முருகையா. துரை அவரைப் பேர் சொல்லியா கூப்பிட்டார்? குக், குக் என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல் அவருக்குப் புரியாமல் போகுமா? அவர் பெண்டாட்டி செல்லாயி, அய்யாவு கங்காணியின் கூடப்பிறந்த தங்கச்சி. தினமும் பங்களாவுக்குப் போய்வந்த கங்காணிக்குப் புரியாமல் போகுமா? தங்கச்சி தாலியைக் காப்பாற்ற என் தாலியைக் காட்டினார். ஊர் சிரித்த சிரிப்பு அவருக்கு நல்ல மறைவாகப் போயிற்று.

கதிரவேலு என்னை அதிகாரியின் மேசைக்குக் கூட்டிப்போனார். என் கணவரையும் வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். இவர் சமையல்காரர் இல்லை, பறவைகளைப் படம் பிடிக்கிறவர், பட்டப்பெயர்தான் கொக்கு என்று கதிரவேலு எடுத்துச் சொன்னார். அதிகாரி கோபப்படவில்லை. மேசை மேல் அவருடைய படக்கட்டு இருந்தது, அதைத் தட்டி ஏதோ சொன்னான். கதிரவேலு என் பக்கம் குனிந்தார். அப்படியென்றால் அந்தத் தோட்டத்தில் சமையல்காரன் யார் என்று கேட்கிறான், பெயரைச் சொன்னால் உன் மனுசனை இப்போதே விட்டுவிடுவார்கள் என்றார்.

நான் சொன்னேன். மறைக்க ஒன்றும் இல்லை. முருகையா என்று தெளிவாக, அந்த அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

என் கணவர் கதிரவேலுவைப் பார்த்தார். அவ்வளவுதான், பார்த்தார். கதிரவேலு தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்ன பெயரை அவர் அதிகாரிக்கு ஜப்பான் மொழியில் எடுத்துச் சொல்லவே இல்லை. அதற்குள் இவர் ஓரடி முன்னால் வந்து, "சாயா கொக்கு, துவான்" என்றார். நான்தான் கொக்கு. இரண்டு ஆண்கள் கண்ணாலேயே பேசி, என் வாயில் வந்த பெயரை என் வாய்க்குள்ளேயே புதைத்துவிட்டார்கள். நான் மறுபடி கத்தினேன். தமிழில் ஒரு பெண்பிள்ளை கத்துவது அந்த அதிகாரிக்கு அழுகையாகத்தான் தெரிந்திருக்கும். என்னை வெளியே தள்ளினார்கள்.

லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் கதிரவேலு எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் பேசவிட்டார். அந்த ஆள் பறவையைக் காட்டி வேறு பெயர் சொன்னபோதே தனக்குப் புரிந்துவிட்டது என்றார் என் கணவர். பறவை ஸாகி என்றால், கொக்கு என்பது பறவை இல்லை. திரும்பிப் பார்த்தபோது முருகையா மூன்றாவது வரிசையில் வெளுத்துப்போய் நின்றாராம்.

"புரிஞ்சும் ஏன் தலையாட்டினீங்க?"

"முருகையா அண்ணனுக்கு நாலு பிள்ளைங்க, புஷ்பம். நமக்கு யாரு இருக்கா?"

"நான் யாரு?"

பாவம், அவர் அப்படி ஒரு கேள்வி இருப்பதையே யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கையை நீட்டி என் தோளைத் தொடவந்தார். நான் தட்டிவிட்டேன். லாரி போய்விட்டது.

சண்டை முடிந்து, சயாமில் மீந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். எங்கள் தோட்டத்து இருளப்பன் எலும்பும் தோலுமாக வந்து என் எதிரே உட்கார்ந்தான். முதல் நாளே இவர் வடித்த சோறு அடியில் கருகி மேலே அரிசியாக இருந்ததாம். உலையில் தண்ணீர் எவ்வளவு என்று யாரையோ ரகசியமாகக் கேட்டாராம், அதற்குள் அடி விழுந்துவிட்டது. ஒரு வாரம்கூட அடுப்படியில் விடவில்லை. சங்கூல் என்கிற மண்வெட்டியைக் கையில் கொடுத்துப் பாறை வெட்டப் போட்டார்கள். ஆபீசில் பேனா பிடித்த கை. மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது, இரண்டாம் நாள் முடிந்துவிட்டது. எங்கே புதைத்தார்கள் என்று கேட்டேன். இருளப்பன் வேறு பேச்சுக்குத் தாவினான்.

"அவருக்குப் பதிலா அடுப்படிக்குப் போன ஆளு என்னோடதான் ரயிலேறி வந்தாரு, அக்கா. அடுப்படியில நின்னவங்கல்லாம் அனேகமாத் தப்பிச்சிட்டாங்க."

இதைச் சொல்லிவிட்டு அவன் ஏன் சொன்னோம் என்று விழித்தான். நான் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

உடல் இல்லாவிட்டாலும் கருமாதி செய்யத்தானே வேண்டும். தோட்டமே சேர்ந்து செய்தது. சமையலுக்கு ஆள் யார் என்று யாரும் கேட்கவில்லை. முருகையா விடியும் முன்பே வந்து என் வீட்டுப் பின்னால் அடுப்பு வெட்டிக்கொண்டிருந்தார். செல்லாயி காய் நறுக்கினாள். அவர்களுடைய நாலு பிள்ளைகளும் தண்ணீர் சுமந்தார்கள். யுத்தம் முடிந்து முதல்முறையாக நல்ல அரிசி கிடைத்திருந்தது. எல்லோரும் சாப்பிட்டுவிட்டு, பரஞ்சோதி மாதிரி பெரிய மனசு யாருக்கு வரும் என்று ஏப்பம் விட்டார்கள். அய்யாவு கங்காணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரிய மனசுதான். அந்த மனசுக்குள் என்னை எந்த மூலையில் வைத்திருந்தார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கடைசியில் முருகையா ஒரு இலையை என் முன்னால் விரித்து, தன் கையாலேயே சோறு போட்டார். அவர் எதையோ சொல்லத் தொடங்கினார். நான் விடவில்லை.

"அன்னைக்கு நீங்க வரிசைய விட்டு ஒரு அடி முன்னால வந்திருந்தா, அண்ணே, அங்க அடுப்படியில நின்னிருப்பீங்க. இன்னைக்கு ரெண்டு பேரும் இருந்திருப்பீங்க."

அவர் கரண்டியைச் சோற்றுக் குண்டானில் வைத்துவிட்டு, பின்பக்கம் போய்விட்டார். நான் இலையைத் தள்ளவில்லை, பசித்தது, சாப்பிட்டேன். சோறு நன்றாகத்தான் வெந்திருந்தது. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக, குழையாமல், அடிப்பிடிக்காமல். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.